மாப்பிள்ளையை மிதிக்காதீர்கள்

லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. நின்றுபோன லிஃப்ட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் ஒரு ரகம். ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்ட்டைப் பார்த்தே கவலைப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். நம் ஆள் இரண்டாவது ரகம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வேலை முடிந்து கிளம்பும்போது, "எல்லாம் சரியா இருக்கு. இருந்தாலும் கவனம்" என்று சொல்லாமல் வரமாட்டார். அதனால் அவருக்குக் 'கவனம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "நாளைக்குக் கவனம் வர்றாரு, மெஷின் ரூம் சாவிய எடுத்து வை" என்பார்கள் காவலாளிகள்.

கயிறு அறுந்தால் லிஃப்ட் தொப்பென்று கீழே விழும் என்று யாராவது சொன்னால் கவனத்துக்குப் பொறுக்காது. உட்காரவைத்து விளக்குவார். லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமெடுத்தால், மேலே ஒரு சின்னச் சக்கரத்துக்கு அது தெரிந்துவிடும். அது ஒரு கம்பியைச் சுண்டி இழுக்கும். உடனே லிஃப்ட்டின் அடியில் இருக்கிற இரண்டு இரும்புத் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். "கயிறு ஏமாத்தலாம் சார். தாடை ஏமாத்தாது" என்று முடிப்பார். கேட்டவர் அதற்குள் படியேறிப் போயிருப்பார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு படி கெட்டுக்கிடந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கிடந்தது.

வீடு மாடியில். கீழே பூட்டிய கிடங்கு. தெருவிலிருந்து மாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு: இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குக் குறுக்காக மரப்பலகைகள். நடுவில் இருந்த ஒரு பலகை மழையில் ஊறி, அதன் பின்பக்கத் திருகுகள் துருப்பிடித்து, ஓட்டைகள் அகன்றுபோய்விட்டன. பார்த்தால் தெரியாது. பலகையின் பின்பாதியில் கால் வைத்தால் ஒன்றும் ஆகாது. முன்விளிம்பில் வைத்தால், பின்பக்கம் பிடிப்பு இல்லாததால், குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை போல அது புரண்டுவிடும். புரளுவதற்கு முன்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம்.

முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டது கல்லூரியில் படிக்கும் மகள்தான். "என்னப்பா இது, மேல கால் பட்டாலே கத்துது? இது ரொம்ப மரியாதை எதிர்பார்க்குதே. மாப்பிள்ளை மாதிரி!" என்றாள். அம்மாக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் படியின் பெயர் மாப்பிள்ளை. "மாப்பிள்ளைய மிதிக்காதே." "மாப்பிள்ளை பக்கம் போகாதே." இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே பார்க்க முடியாமல் ஏறிவருகிற பெரிய மீசைக்காரருக்கு மேலேயிருந்து "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று குரல் கொடுத்தால் போதும். அவர் காலை எட்டி வைத்து, அதைத் தாண்டி வந்துவிடுவார்.

கவனம் ஏன் அதைச் சரிசெய்யவில்லை? அதுதான் வேடிக்கை. லிஃப்ட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றாலே 'பழுது, பயன்படுத்தாதீர்கள்' என்று பலகை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஆனால் வீட்டில் எல்லாருடைய முழங்காலும் அந்தப் படியைத் தாண்டக் கற்றுக்கொண்டுவிட்டது. தானாகத் தாண்டிப் போகிற ஒன்று கண்ணில் படாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தாண்டித்தான் கடைக்குப் போவார்.

இந்த இடத்தில் இன்னொரு மாப்பிள்ளை வருகிறார்.

கவனத்தின் மனைவிக்கு ஒரே தம்பி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஊர் முறைப்படி கவனம் அவரை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருகாலத்தில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார். பிறகு ஆசைப்பட்டு அவரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். முன்னால் போகும் காருக்கும் தன் காருக்கும் நடுவே ஒரு தெருவையே காலியாக விட்டு ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. மைத்துனர் அடக்கமாட்டாமல், பின்சீட்டில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "மாமா, நீங்க மேலயும் கீழயும்தான் போவீங்களா? முன்னால போகவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். கவனம் காரை ஓரமாக நிறுத்தினார், கைப்பிரேக் போட்டார், இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து மைத்துனரைப் பார்த்து 'மாப்பிள்ளை' என்ற சொல் வரவில்லை. மனைவி போனில் பேசும்போது, "யாரு, டிரைவிங் ஸ்கூலா?" என்று கேட்பார். அவ்வளவுதான். மைத்துனரும் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் நிறுத்தியேவிட்டார். படி கெட்டுப்போனதும், அதற்குப் பெயர் வைத்ததும் அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் மாலை, எத்தனை நாள்தான் இப்படி இருப்பது என்று அவருக்கே தோன்றிவிட்டது போலிருக்கிறது. ஒரு பெட்டி திராட்சையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டார். கவனம் அப்போது மாடி வாசலில் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். திராட்சைப் பெட்டி நெஞ்சை மறைக்க, ஒரு மனிதர் வேகமாக ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த கால் எங்கே விழப்போகிறது என்று கவனத்துக்குத் தெரிந்துவிட்டது.

"மாப்பிள்ளை! மாப்பிள்ளை!!"

தொண்டை கிழியக் கத்தினார்.

மைத்துனர் அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் ஒரு குண்டு பல்பு போல எரிந்தது. எத்தனை நாளாகக் கேட்காத குரல்! "மாமா!" என்றார். பாசம் பொங்க ஒரு காலை முன்னே எடுத்து வைத்தார். சரியாக முன்விளிம்பில்.

கிரீச்.

அடுத்து நடந்ததை விளக்க லிஃப்ட் உதாரணம் பயன்படாது. ஏனென்றால் அங்கே கவ்விப் பிடிக்கத் தாடை எதுவும் இல்லை. திராட்சை முதலில் போய்ச் சேர்ந்தது, பின்னாலேயே மைத்துனர். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் முழங்கால் வரை கட்டுப் போட்டார்கள். அவர் வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஆகவே கட்டுப் பிரிக்கும்வரை அக்கா வீட்டு முன்னறை சோபாதான் அவருக்கு வாசம் என்று முடிவாயிற்று. அந்த முடிவை எடுத்தது அக்கா. கவனத்தை யாரும் கேட்கவில்லை.

வலியில் முனகுவார் என்று பார்த்தால், மைத்துனர் சோபாவில் ராஜா மாதிரி படுத்திருந்தார். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் கதை சொன்னார்.

"நான் என்னமோ கதவத் தட்டினா திறப்பாரோ மாட்டாரோன்னு பயந்துக்கிட்டே வர்றேன். இவரு மேல நின்னு வாய் நிறைய 'மாப்பிள்ளை'ங்கறாரு! ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை! எனக்குக் காலு தரையிலயே படல."

"அதுதான் பிரச்சினையே" என்று கவனம் முணுமுணுத்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. மாத்திரை சாப்பிட்டியா?"

மனைவி சமையலறைக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நீங்க அவனைக் கூப்பிடல, படியத்தான் சொன்னீங்கன்னு அவன்கிட்ட வாயத் திறந்தீங்க, அவ்வளவுதான். பாவம், கால் உடைஞ்சு கிடந்தாலும் அவன் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல."

இதனால் வீட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் முளைத்தது. வருகிறவர்களுக்குப் படியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சோபா வாசலை ஒட்டியே இருந்தது. "அதைத் தாண்டி வாங்க" என்றால், எதை என்று கேட்டுக்கொண்டு அதன்மேலேயே நின்றார்கள். கடைசியில் மனைவி வாசலில் நின்று, யார் வந்தாலும் தானே ஒரு காலைத் தூக்கிக் காண்பிக்கத் தொடங்கினாள். வந்தவர்கள் மிரண்டுபோய்த் தாங்களும் காலைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டம்மா இது புது உடற்பயிற்சி என்று நினைத்து, ஒரு வாரம் செய்துபார்த்தாள்.

தண்ணீர் கேன்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் வழக்கம்போலக் கீழே நின்று, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று குரல் கொடுத்தார்.

"நல்லா இருக்கேன்ப்பா! நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார் சோபாக்காரர்.

"இன்னும் கிரீச்னு கத்துறாரா?"

அதற்குப் பதில் வருவதற்குள் கவனம் ஓடிப்போய் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

வீட்டுக்குக் காப்பீடு இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அடிபட்டால் அதற்கும் அதில் இடம் உண்டு என்று மகள்தான் தேடிக் கண்டுபிடித்து எழுதிப்போட்டாள். அடுத்த வாரம் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒரு அம்மாள் வந்தார். கையில் நீளக் குடை. வாசலில் ஒரு பெண்மணி ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து பார்த்து, குடைநுனியால் பலகையின் விளிம்பை அழுத்தினார். கிரீச். "ம்" என்றார். நிதானமாகத் தாண்டி வந்தார்.

கவனத்துக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலவே விளக்குகிற ஆள்.

"இந்தப் படி கெட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மழைக்காலத்துலேருந்து."

"போன மழைக்காலமா?"

"அதுக்கும் முந்தினது!" என்று சமையலறையிலிருந்து உண்மை வந்தது.

அம்மாள் மேசைமேல் இருந்த டி.வி. ரிமோட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "இது திருடன்னு வச்சுக்கங்க. சுவரேறிக் குதிச்சு வர்றான். அவன் கால் உடையணும்னே நீங்க குழி வெட்டி வைக்கக் கூடாது. மத்தபடி அவனுக்காக நீங்க ரொம்ப மெனக்கெட வேண்டாம்." பிறகு தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து நடுவில் வைத்தார். "இது வீட்டுக்கு வர்றவங்க. சொந்தக்காரங்க, தண்ணி கேன் போடறவங்க, நான். எங்க கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆபத்து உங்களுக்குத் தெரிஞ்சா, ஒண்ணு அதைச் சரி பண்ணணும். இல்ல, எங்களுக்குச் சொல்லணும். சொல்லியும் நான் போய் மிதிச்சா அது என் தப்பு, நாங்க பணம் தரமாட்டோம். சொல்லாம விட்டா உங்க தப்பு, வைத்தியச் செலவ நாங்க பார்த்துக்குவோம்."

"சொல்லியாச்சு, ஆனா அவருக்குப் புரியலைன்னா?" என்று கவனம் கேட்டார்.

"புரியாத மாதிரி சொன்னா சொல்லாத மாதிரிதான் சார். நான் உங்களுக்குத் தெரியாத பாஷைல 'ஓடு'ன்னு கத்தினா நீங்க ஓடுவீங்களா? என்ன சொல்றாங்கன்னு கேட்க இன்னும் கிட்ட வருவீங்க."

கவனத்துக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. எவ்வளவு அழகான சட்டம்! படியின் பெயரைச் சொல்லி நான் எச்சரித்தேன், அது இவருக்குப் புரியவில்லை என்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம். வைத்தியச் செலவும் கிடைத்துவிடும். கவனம் என்று பேரெடுத்தவர் கவனமாகத்தான் இருந்தார், குரல் கொடுத்தார் என்று எழுத்திலும் இருக்கும். இத்தனை வருஷம் லிஃப்ட் லிஃப்ட்டாகப் போய் மற்றவர்களை எச்சரித்தவர், தன் வீட்டுப் படியில் ஒருவர் விழுவதை வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு காகிதத்தில் வந்தால், அதை எப்படித் தாங்குவது?

"நீங்க சொல்லுங்க சார்" என்று அம்மாள் முதலில் சோபாவின் பக்கம் திரும்பினார். "எப்படி விழுந்தீங்க?"

மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், நான் என்னமோ கதவத் தட்டினா திறப்பாரோ மாட்டாரோன்னு..." என்று தொடங்கி, காலே தரையில் படாதது வரை முழுவதும் சொன்னார். சொல்லிவிட்டுக் கவனத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது. பெருமைக்கு அடியில், லிஃப்ட் கதவு திறக்குமா என்று காத்து நிற்கிறவர்களின் முகத்தில் இருக்குமே, அப்படி ஏதோ ஒன்றும் இருந்தது.

"சரி. நீங்க சொல்லுங்க" என்று அம்மாள் பேனாவைத் திறந்தார். "இவர் ஏறி வரும்போது நீங்க என்ன சொன்னீங்க? சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லணும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. உள்ளறையில் மகள் புத்தகத்தை மூடுவது கேட்டது.

கவனமோ வாழ்நாளில் ஒரு சோதனை அறிக்கையில்கூடப் பொய் எழுதாத மனிதர். பொய் சொல்லவும் வராது, இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உண்மையை உடைக்கவும் வராது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட லிஃப்ட் மாதிரி நின்றார். அப்படி நிற்கும்போதுதான் அவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. அம்மாள் கேட்டது, என்ன நினைத்தீர்கள் என்று இல்லை. என்ன சொன்னீர்கள் என்றுதான்.

"'மாப்பிள்ளை'ன்னேன்" என்றார். "ரெண்டு தடவை. வேற ஒரு வார்த்தை சொல்லல."

ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

"படி கெட்டிருக்கு, தாண்டி வாங்க, அப்படி இப்படின்னு...?"

"சொல்லல மேடம்."

அம்மாள் எழுதினார். எழுதியதை வாசித்தும் காண்பித்தார். "படி பழுது என்பது உரிமையாளருக்குத் தெரியும். வந்தவருக்கு எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை." கவனம் கையெழுத்துப் போட்டார். பேனா கொஞ்சம் இழுத்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் மறுபடியும் கேட்டது, முன்பைவிடக் கொஞ்சம் இனிமையாக.

அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருக்கமாட்டார். கீழேயிருந்து தண்ணீர் கேன்காரர் தோளில் பாரத்தோடு ஏறிக்கொண்டே உரக்கச் சொன்னார்.

"பார்த்து இறங்குங்க மேடம்! மாப்பிள்ளைய மிதிச்சிடாதீங்க!"

அம்மாள் நின்றார். சோபாவில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த மனிதரைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கவனத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டீங்க, இல்லையா சார்?"

"ஆமா மேடம்."

"வேற ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல."

அம்மாளின் உதட்டோரம் துடித்தது. "புரியாத மாதிரி சொன்னா சொல்லாத மாதிரிதான்னு நானேதான் சொன்னேன். எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். அந்தப் பலகைய மட்டும் இந்த வாரமே மாத்திடுங்க." படி வந்ததும் மிகுந்த மரியாதையோடு அதைத் தாண்டினார். "வரேன் மாப்பிள்ளை" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

"போயிட்டு வாங்க மேடம்!" என்று சோபாவிலிருந்து பதில் வந்தது.

பலகையை அந்த வாரமே மாற்றினார்கள். கவனம் தச்சரின் தலைமேலேயே நின்று, திருகுகள் போதாது, மரையாணி போடு, அடியில் ஒரு இரும்புத் தகடு வை என்று சொல்லி, கடைசியில் தானே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். ஒரு யானை வந்தாலும் தாங்கும். ஆனால் வீட்டில் யாரும் அதை மிதிக்கவில்லை. எல்லார் முழங்காலும் பழையபடியே தாண்டிக்கொண்டிருந்தது.

கட்டுப் பிரித்தாயிற்று. கிளம்பும் நாளில் மைத்துனர் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் கைப்பிடிக் கம்பியுமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். கவனம் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஒரு படி பின்னால் வந்தார். நடுப்படி வந்ததும் மைத்துனர் நின்றார். ஊன்றுகோலை அதற்கு அடுத்த படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, புதுப்பலகையின் மேல் கால் படாமல் தாண்டினார்.

"ஏன் தாண்டறே? அதைச் சரி பண்ணியாச்சே!"

"தெரியும் மாமா. இருந்தாலும் மாப்பிள்ளையே மாப்பிள்ளைய மிதிக்கலாமா?"

கவனத்தின் கையிலிருந்த பை நழுவி, அந்தப் பலகைமேலேயே விழுந்தது. சத்தமே இல்லை.

"உனக்கு... எப்ப தெரியும்?"

"முதல் வாரமே. தண்ணி கேன்காரர் 'மாப்பிள்ளை இன்னும் கிரீச்னு கத்துறாரா'ன்னு கேட்டாரே. நான் எப்ப மாமா கத்தினேன்? நீங்க வேற டி.வி.ய அலற விட்டீங்க. அப்புறம் அக்கா ஒத்தைக்கால்ல நிக்குது. நான் டிரைவிங் சொல்லித் தர்றவன் மாமா, ரோட்டுல ஒருத்தன் ஏன் வளைஞ்சு போறான்னு பார்த்தா குழி எங்க இருக்குன்னு சொல்லிடுவேன்."

"அப்ப அந்த மேடத்துக்கிட்ட எதுக்கு அந்தக் கதையச் சொன்னே?"

மைத்துனர் கைப்பிடிக் கம்பியைத் தடவினார். "நீங்க என்ன சொல்வீங்கன்னு பார்க்கத்தான்" என்றார். "'அவனை இல்ல, படியத்தான் கூப்பிட்டேன்'னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் அன்னிக்கே ஆட்டோ வச்சு மூணாவது மாடிக்குத் தவழ்ந்தே போயிருப்பேன்."

கவனம் குனிந்து பையை எடுத்து, தூசியே இல்லாத இடத்தில் தூசி தட்டி, அதை வாங்கிக்கொள்ள நீட்டினார். "திராட்சை நல்லா இருந்துச்சு" என்றார். "கிடைச்ச வரைக்கும்."

"சரி மாமா, போயிட்டு வரேன்."

மைத்துனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதிப் படிகளில் இறங்கினார். கவனம் நடுவிலேயே, புதுப்பலகையின் மேல் நன்றாகக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இறங்குகிறவர் கடைசிப் படியை நெருங்கும்போது, தன்னை மீறி அவருக்குக் குரல் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை!"

மைத்துனரின் தலை திரும்பப் போயிற்று.

"திரும்பாதே! திரும்பாதே! கீழ பாரு! கடைசிப் படி இருக்கு, பார்த்து இறங்கு. கவனம்!"

மைத்துனர் திரும்பவில்லை. கீழே பார்த்துத்தான் இறங்கினார். தரையில் இரண்டு காலும் பதிந்த பிறகு, பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பாரே, அதே மாதிரி வலது கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டு, தெருவில் வலப்பக்கம் திரும்பினார்.